மணல் மணலாக உறையாத நெய்

உலகத்தில் பொய்யை நிரூபிப்பது சுலபம். உண்மையை நிரூபிக்கப் போகிறவன்தான் கேவலப்படுகிறான். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. என் மகளுடைய நிச்சயதார்த்தத்தன்று, மரக்காணத்தில், எழுபத்திரண்டு பேர் முன்னிலையில் கற்றுக்கொண்டேன். (எழுபத்திரண்டு பேரையும் நானே எண்ணினேன். சாப்பாட்டுக்குச் சொல்லியிருந்தது அறுபது பேருக்கு.)

நான் வேதியியல் படித்தவன். முப்பத்தொரு வருடம் ஒரு வனஸ்பதித் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். அங்கே என்ன வேலை என்று கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடலாம்: தாவர எண்ணெயை நெய் மாதிரி தெரிய வைப்பது. நிறம் பெரிய விஷயமில்லை. வாசனைக்குப் புட்டி இருக்கிறது. கஷ்டமெல்லாம் மணலில்தான். நல்ல நெய் உறைந்தால் மணல் மணலாக இருக்க வேண்டும் என்பது நம் ஜனங்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. அந்த மணலை வனஸ்பதியில் வரவழைக்க, டின்களை ஓர் அறையில் அடுக்கி, அவசரப்படாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர வைப்போம். அவசரப்பட்டால் மெழுகு மாதிரி வழவழவென்று இறுகிவிடும். பொறுமையாக இருந்தால் மணல் விழும். முப்பத்தொரு வருடம் நான் வாங்கிய சம்பளம் இந்தப் பொறுமைக்குத்தான்.

அப்படிப்பட்ட என்னிடம், என் மனைவி சரோஜா தன் கையால் உருக்கிய நெய்யைக் காட்டி, "இது வனஸ்பதி" என்று சொன்னார்கள். பல வருடம் ஆகிவிட்டது. இதை எழுதும்போதும் எழுத்து கோணிக்கொண்டு போகிறது. (வயதாலும் இருக்கலாம். ஆனால் கோபத்தால்தான்.)

இரண்டாயிரத்து ஆறாம் வருடம், கத்திரி வெயில். மகள் கவிதாவுக்குக் கிளியனூரில் ஒரு வரன் பொருந்தி வந்தது. பையன் பெயர் செந்தில், புதுச்சேரியில் ஒரு மருந்துக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். அதற்கு முன் வந்த ஏழு வரன்களையும் ஒவ்வொரு காரணம் சொல்லித் தட்டிக் கழித்த கவிதா, இந்தப் பையனைப் பார்த்துவிட்டு வந்த அன்று, "சரிப்பா" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். ஏழு வரன்களுக்கும் ஏழு பெரிய சொற்பொழிவு ஆற்றியவள் ஒரே வார்த்தையோடு நிறுத்தினால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே புரிந்தது.

செந்திலுக்குத் தாய் இல்லை. அப்பா ஏழுமலை சாது. பையனை வளர்த்தது, வீட்டை நடத்துவது, வாயைத் திறப்பது எல்லாம் அவருடைய அக்கா தனலட்சுமி அம்மாள். அந்த வீட்டில் ஒரு வழக்கம். நிச்சயத்தன்று பெண் வீட்டில் உருக்கிய நெய்யை ஒரு தூக்கில் வைப்பார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரிய பெண்மணி அதைத் தொட்டுப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் தட்டு மாற்றுவார்கள்.

"ஒண்ணும் பெருசா செய்ய வேணாம்ண்ணே. நெய் மட்டும் வீட்டு நெய்யா இருக்கட்டும். மணல் மணலா இருக்கணும், அதான் எங்களுக்கு முக்கியம்" என்றார் அந்த அம்மாள்.

மணலா? என்னிடமா கேட்கிறீர்கள்? நான் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

ஒரு சிக்கல் இருந்தது. மரக்காணத்தில் கத்திரி வெயிலில் நெய் உறையாது. எண்ணெயாகவே நிற்கும். உப்பளத்தில் பட்டுத் தெறிக்கிற வெயிலும் கடல் புழுக்கமும் சேர்ந்து மனிதனே உருகுகிற ஊர் இது. ஆகவே ஒரு திட்டம் போட்டேன். நிச்சயம் மாலை ஐந்து மணிக்கு. சரோஜா வெண்ணெயை உருக்கி, முருங்கை இலை போட்டு இறக்கி, எவர்சில்வர் தூக்கில் ஊற்றிக் கொடுத்தாள். அந்தத் தூக்கைத் தண்ணீர் நிறைந்த ஓர் அன்னக்கூடைக்குள் இறக்கினேன். தெர்மாமீட்டரை நூலில் கட்டி அந்தத் தண்ணீரில் தொங்கவிட்டேன். மீனுக்குப் போடுகிற ஐஸ் கட்டியை உடைத்து ஒரு வாளியில் வைத்துக்கொண்டு, காலையிலிருந்து ஒவ்வொரு துண்டாகத் தண்ணீரில் போட்டேன். நாற்பது டிகிரி. முப்பத்தெட்டு. முப்பத்தைந்து. முப்பத்திரண்டு. ஒரு தாய் குழந்தையைத் தூங்க வைப்பது மாதிரி அந்த நெய்யைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தேன். மதியம் தாண்டும்போது முப்பது டிகிரி. அடியில் முதல் மணல் விழ ஆரம்பித்தது. என் கண்ணால் பார்த்தேன்.

அப்போது சரோஜா வந்து, "ஏங்க, இன்னும் சவரம் கூட பண்ணிக்கல. சம்மந்தி வீட்டுக்காரங்க வந்தா இந்த மூஞ்சியோடவா நிப்பீங்க?" என்றாள்.

அதுவும் நியாயம்தான். என் மைத்துனன் தண்டபாணியைக் கூப்பிட்டேன். தண்டபாணி சரோஜாவின் தம்பி. உப்பளத்தில் மேஸ்திரி. யாருக்கு எந்த உதவி என்றாலும் ஓடி வருவான். அவனிடம் இருக்கிற ஒரே குறை அதுதான்.

"ஏம்பா தண்டபாணி, இங்க உக்காரு. அரை மணிக்கு ஒரு துண்டு ஐஸ் போடு. ஒரே ஒரு துண்டு. வேற எதையும் தொடாதே."

"சரி மாமா. நீங்க போங்க, நான் பாத்துக்கிறேன்."

சவரம், குளியல், பூக்காரனோடு ஒரு வாக்குவாதம். (முழம் என்று அவன் அளந்தது ஒன்றரை சாண் கூட இல்லை.) எல்லாம் முடித்துத் திரும்பினேன். தண்டபாணி கைகளைத் துண்டில் துடைத்தபடி, பரீட்சை எழுதி முடித்த முகத்தோடு நின்றான்.

"முடிஞ்சிது மாமா. கல்லு மாதிரி ஆயிடுச்சு."

தெர்மாமீட்டரைப் பார்த்தேன். பூஜ்யத்துக்கும் எட்டு டிகிரி கீழே. மரக்காணத்தில், கத்திரி வெயிலில், என் வீட்டுப் பின்கட்டில் இமயமலை.

"என்னப்பா பண்ண?"

"ஐஸ் சும்மா சும்மா கரைஞ்சிட்டே இருந்திது மாமா. நிச்சயத்துக்கு முதல்ல வாங்குறது உப்புதானேன்னு நான் ஒரு மூட்டை கொண்டாந்தேன்ல, அதுல பாதிய கொட்டி, இருந்த ஐஸ் பூராத்தையும் போட்டுட்டேன். மீனுக்கு இப்டித்தான் போடுவாங்க. ரெண்டு நாளைக்கு ஆடாம அசையாம நிக்கும்."

ஐஸில் உப்பைக் கொட்டினால் குளிர் பாதாளத்துக்கு இறங்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம். உப்பை உற்பத்தி செய்கிற மனிதனுக்கு அது வேலை சுத்தமாக முடிகிற ஒரு வழி. அவனைத் திட்டவும் முடியவில்லை. மீனாக இருந்தால் அவன் செய்தது முழுக்கச் சரி.

தூக்கைத் திறந்தேன். ஒரு மணல் கிடையாது. வெள்ளை வெளேரென்று, வழவழவென்று, புது மெழுகுவர்த்தி மாதிரி இறுகியிருந்தது. முப்பத்தொரு வருடத்தில் இப்படி ஒரு டின் என் அறையிலிருந்து வெளியே போயிருந்தால் எனக்கு மெமோ கொடுத்திருப்பார்கள். மறுபடி உருக்கி, மறுபடி குளிர வைக்க நேரமில்லை. வாசலில் வேன் வந்து நின்றுவிட்டது.

தனலட்சுமி அம்மாள் காபி குடிக்கவில்லை. நேராகத் தூக்கு முன்னால் உட்கார்ந்தார். பக்கத்தில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு விரலால் நெய்யைச் சுரண்டி, கட்டை விரலால் தேய்த்தார். இன்னொரு முறை தேய்த்தார். மூக்குக்குக் கொண்டுபோனார்.

"இன்னாண்ணே இது, மெழுகாட்டம் இருக்குது. வாசனையும் இல்ல."

"குளிர்ந்து இருக்குதுங்க. அதனாலதான்."

"குளுந்தா மணல் தானே விழணும்?"

இதற்கு ஒரு வரியில் பதில் கிடையாது. நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை வீட்டுக் கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "பொண்ணோட அப்பா வேல பாத்ததே வனஸ்பதி ஃபேக்டரிலதானே."

சிரிப்பு. எத்தனை பேர் சிரித்தார்கள் என்று நான் எண்ணவில்லை. (பதினாறு.) தனலட்சுமி அம்மாள் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நெய்யிலயே இப்டின்னா, மத்ததுல எப்டின்னு நாங்க யோசிக்கணும் இல்லியா?" என்றார் மெதுவாக.

கதவோரம் பட்டுப் புடவையில் நின்ற கவிதாவைப் பார்த்தேன். அவள் செந்திலைப் பார்த்தாள். செந்தில் தன் அத்தையைப் பார்த்தான். அந்தப் பையன் நல்லவன்தான், ஆனால் அத்தை வேண்டாம் என்று சொன்னால் எழுந்து வேனில் ஏறிவிடுவான் என்று அவன் முகத்திலேயே எழுதியிருந்தது.

அந்த நேரத்தில் புத்தி உள்ளவன் என்ன செய்திருப்பான்? மன்னிப்புக் கேட்டு, வேறு நெய் உருக்கித் தருகிறேன் என்றிருப்பான். நான் படித்தவன். விளக்கினேன்.

"அம்மா, கொழுப்புன்னா என்ன? சின்னச் சின்ன மூலக்கூறு. ஒவ்வொண்ணும் ஒரு நாற்காலி மாதிரி இருக்கும்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண்ணெதிரே நாற்காலிகள் கிடப்பது தெரிந்தது. அன்றைக்கு ஒரே கடையில் போதுமான நாற்காலி கிடைக்காமல் இரண்டு கடைகளில் வாடகைக்கு எடுத்திருந்தோம். கை வைத்த சிவப்பு நாற்காலி ஒரு கடை, கை இல்லாத வெள்ளை நாற்காலி இன்னொரு கடை. இதைவிடப் பொருத்தமான உதாரணம் எந்த ஆய்வுக்கூடத்திலும் கிடையாது. கடவுளே ஏற்பாடு செய்த மாதிரி இருந்தது.

"கொஞ்சம் எழுந்திருங்க சம்மந்தி" என்று ஏழுமலையிடம் சொன்னேன். சாது மனிதர், எழுந்துவிட்டார். அவருடைய சிவப்பு நாற்காலியை எடுத்தேன். பக்கத்திலிருந்தவர்களிடமும் வாங்கினேன். மொத்தம் ஒன்பது பேரை நிற்க வைத்தேன்.

"இது எல்லாம் உருகின நெய்யில தனித்தனியா அலையுதுன்னு வச்சுக்குங்க. மெதுவா குளிர வச்சா என்ன ஆகும்? சிவப்பு சிவப்பைத் தேடிப் போய் அடுக்கிக்கும். வெள்ளை வெள்ளையைத் தேடிப் போகும். இதோ பாருங்க." ஐந்து சிவப்பையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினேன். கச்சிதமாக உட்கார்ந்தன. "இந்த அடுக்குதான் நீங்க கேக்குற மணல். நீளமான மூலக்கூறு எல்லாம் முதல்ல ஒண்ணு சேர்ந்து மணலா விழுது. குட்டையானது நடுவுல எண்ணெயா நிக்குது. ஆனா திடீர்னு குளிர வச்சா? யாருக்கும் ஜோடி தேட நேரம் இல்லை. கிடைச்ச இடத்துல கிடைச்சவன் மேல விழுந்து அப்படியே இறுகிடுவான்." வெள்ளையின் மேல் சிவப்பை, சிவப்பின் மேல் வெள்ளையை என்று தாறுமாறாகக் குவித்தேன். "இது இன்னொரு வகைப் படிகம். பொருள் அதே பொருள். அடுக்குதான் வேற. மணல் இல்லைங்கிறதால வனஸ்பதின்னு சொல்றது, நாற்காலியைக் குவிச்சு வச்சிருக்குறதால அது நாற்காலியே இல்லைன்னு சொல்ற மாதிரி."

இன்றுவரை இந்த விளக்கத்தில் ஒரு குறை யாராலும் சொல்ல முடிந்ததில்லை. குவியல் சரிந்து ஒரு நாற்காலியின் கால் ஏழுமலையின் முழங்காலில் இடித்தது வேறு விஷயம்.

"கதை நல்லா சொல்றாரு" என்றது அதே பின்வரிசைக் குரல்.

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். கவிதா கூட, "அப்பா, போதும்ப்பா" என்றாள். ஆனால் கதை என்று சொன்ன பிறகு ஒரு வேதியியல்காரன் எப்படி நிறுத்துவான்? உள்ளே போய் என் பெட்டியை எடுத்து வந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் ஒரு சோதனைக் குழாயும், சின்னப் புட்டியில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வைத்திருந்தேன். (ஊரில் உள்ள கடை நெய்யை எல்லாம் சோதித்துப் பார்ப்பேன். இதனால் இரண்டு கடைகளில் எனக்கு நெய் கொடுப்பதில்லை.)

"எல்லாரும் கேளுங்க. வனஸ்பதி செய்யும்போது, கலப்படம் பண்ணினா கண்டுபிடிக்கணும்ங்கிறதுக்காகவே அதுல நல்லெண்ணெய் சேர்க்கணும்னு சட்டம். நான் முப்பத்தொரு வருஷம் சேர்த்திருக்கேன். இந்தக் குழாயில கொஞ்சம் சர்க்கரை, அமிலம், நெய் விட்டுக் குலுக்குவேன். வனஸ்பதி இருந்தா, உள்ள இருக்குற நல்லெண்ணெய் சிவப்பா காட்டிக் குடுத்துடும். சுத்தமான நெய்ன்னா சிவக்காது. விஞ்ஞானம் பொய் சொல்லாது."

எழுபத்திரண்டு பேரும் முன்னால் நகர்ந்தார்கள். இறுகிய நெய்யை உருக்கிக்கொள்ள வேண்டுமே என்று, குத்துவிளக்குத் தட்டில் கிடந்த சின்ன ஸ்பூனை எடுத்தேன். நெய்யைச் சுரண்டி, விளக்குச் சுடரிலேயே காட்டி உருக்கி, குழாயில் விட்டேன். சர்க்கரையும், புட்டியில் மிச்சமிருந்த அமிலமும் சேர்த்துக் குலுக்கினேன். மேலே தூக்கிப் பிடித்தேன்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு அடியில் லேசாக ஒரு ரோஜா நிறம். பிறகு செம்பருத்தி. பிறகு குங்குமம்.

முதலில் தண்டபாணிதான் பேசினான். உதவி செய்கிற குரலில்.

"மாமா, செவக்குது."

எனக்குத் தெரியாதா?

"செவந்தா வனஸ்பதின்னு இப்பதான சொன்னீங்க" என்றான், எனக்கு ஞாபகப்படுத்துவது மாதிரி.

முப்பத்தொரு வருடத்தில் அந்தச் சோதனை எனக்கு ஒரு முறை கூடப் பொய்த்ததில்லை. என் மனைவியையே ஒரு நொடி சந்தேகித்தேன் என்பதை இங்கே எழுதினால் சாயங்காலம் காபி கிடைக்காது. அவள்தான் பதறி ஓடி வந்தாள்.

"ஐயோ, அது வெளக்குக்கு எண்ணெ ஊத்துற ஸ்பூனுங்க. நல்லெண்ணெ ஸ்பூன எடுத்து ஏங்க இதுல விட்டீங்க?"

விளங்கிவிட்டது. குத்துவிளக்கில் நல்லெண்ணெய். ஸ்பூனில் நல்லெண்ணெய். குழாயில் நல்லெண்ணெய். சோதனை மிகச் சரியாக வேலை செய்திருக்கிறது. நான் துள்ளிக் குதித்து, "பாத்தீங்களா? ஸ்பூன்தான் காரணம். வேற ஸ்பூன்ல மறுபடி பண்ணிக் காட்டுறேன்" என்றேன்.

"ஆமா, செவந்ததும் ஸ்பூன் மேல பழிய போட்டாச்சு" என்றது பின்வரிசை. அவர் யார் என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும்.

புட்டியைச் சாய்த்தேன். அமிலம் தீர்ந்துவிட்டிருந்தது.

தனலட்சுமி அம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழப் போனார். அவர் எழுந்தால் வேனும் கிளம்பிவிடும். அந்த நேரத்தில், இத்தனை நேரமும் முழங்காலைத் தடவியபடி நின்றுகொண்டிருந்த ஏழுமலை, அன்றைக்கு முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"சம்மந்தி, மொதல்ல நாற்காலிய குடுங்க. அப்புறம் சோத்த போடுங்க. நெய்ய வச்சிக்கினு இவ்ளோ நேரம் பேசுறீங்க, ஒருத்தரும் சாப்புட்டு பாக்கலியே."

யாரும் எதுவும் சொல்லுமுன் கவிதா உள்ளே போய்விட்டாள். திரும்பியபோது கையில் தட்டு. அப்போதுதான் வடித்த சோறு, ஆவி பறந்தது. தூக்கிலிருந்து ஒரு கரண்டி நெய்யை வெட்டி எடுத்து (கரண்டி கழுவியதுதான், நான் பார்த்தேன்) சோற்றின் நடுவில் வைத்து, தனலட்சுமி அம்மாள் முன்னால் நீட்டினாள்.

"அத்தை, சாப்ட்டு பாத்துட்டு வேணாம்னா சொல்லுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

தட்டில் அந்த மெழுகுக் கட்டி நின்றது, சாய்ந்தது, உருகியது. என் நாற்காலிகள் எல்லாம் அடுக்கு கலைந்து ஓடின. குளிரில் பூட்டிக் கிடந்த வாசனை, முருங்கை இலையோடு, கூடம் முழுக்க எழுந்தது. பின்வரிசையில் ஒருவர் சத்தமாக மூச்சை இழுத்தார். அந்த ஆளாகவே இருக்க வேண்டும் என்று நம்புகிறேன்.

தனலட்சுமி அம்மாள் ஒரு கவளம் சாப்பிட்டார். இன்னொன்று. தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் நெய் வைம்மா" என்றார். அதையும் சாப்பிட்டார். நான் தீர்ப்புக்காகக் காத்திருந்தேன்.

"எசென்ஸ் போட்டிருக்காரு" என்றார். "கெமிஸ்ட்ரி படிச்சவராச்சே, வாசன போடத் தெரியாதா? ஆனா பொண்ணு சோறு போட்ட விதம் நல்லா இருக்குது. தட்ட மாத்துங்க."

தட்டு மாறியது. கல்யாணமும் நன்றாகவே நடந்தது. கவிதா கிளியனூரில் சந்தோஷமாக இருக்கிறாள். எனக்கு மட்டும் நியாயம் கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரு கேள்வி. மின்சாரக் கட்டணம் அதிகமாக வந்திருக்கிறது என்று சொன்னால், "ஸ்பூன கழுவினீங்களா?" பேருந்து வழக்கத்தைவிட முன்னாலேயே போய்விட்டது என்றால், "ஸ்பூன கழுவினீங்களா மாமா?" போன மாதம் ரத்தத்தில் சர்க்கரை அதிகம் என்று டாக்டர் சொல்ல, சோதனையில் ஏதோ தவறு இருக்கும் என்றேன். சரோஜா டாக்டரைப் பார்த்து, "அவங்க ஸ்பூன கழுவியிருப்பாங்கங்க" என்றாள். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. விளக்க எனக்கும் தெம்பில்லை.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு தீபாவளிக்கும் தனலட்சுமி அம்மாள் எனக்கு ஒரு பாட்டில் நெய் அனுப்புவார். "வீட்டு நெய்ண்ணே, மணல் எப்டி இருக்குது பாருங்க" என்று சொல்லி அனுப்புவார். முதல் வருடமே பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அழகான மணல். ஒரே அளவு, ஒரே சீர். எந்த வீட்டு நெய்யும் இவ்வளவு ஒழுங்காக உறையாது. அவசரப்படாத ஓர் அறையில், டின் டின்னாக அடுக்கி வைத்துக் குளிர வைத்த மணல் அது. அந்த மணலை எனக்குத் தெரியும். அதைச் செய்துதான் நான் பெண்ணை வளர்த்தேன்.

புது அமிலம் வாங்கினேன். ஸ்பூனைச் சோப்புப் போட்டு, வெந்நீரில் அலசி, வெயிலில் காய வைத்தேன். சோதித்தேன். குங்குமம்.

குழாயைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். சரோஜா அதைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பாட்டிலைப் பார்த்தாள்.

"ஸ்பூன கழுவினீங்களா?"

"மூணு தடவை."

"நாலாவது தடவையும் கழுவிட்டு வாங்க" என்றாள். "சாப்பாடு ஆறுது. கவிதா போன் பண்ணினா நெய் பிரமாதம்னு சொல்லுங்க."

கழுவிவிட்டு வந்தேன். அந்த ஸ்பூனாலேயே எனக்கு நெய் விட்டாள். போன் வந்தது. பிரமாதம் என்றேன்.